புத்திசாலிப் பிள்ளை ஒன்று தேவை

5-11-1951, திங்கள்

காலையிலிருந்து மூடாக்கு. ஒரு சொட்டு விழவில்லை. தீபாவளிக்கு ஆசை காட்டிய மழை அதோடு சரி.

சலவைக்குப் போன ரவிக்கை திரும்பவில்லை. வேறு யாருடையதோ வந்திருக்கிறது, பெரிய அளவு. இவர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அதிரசம் தின்ன தீனிக்கு இனிமே ஒனக்கு இதுதாம்ட்டி அளவு" என்கிறார். வெளுக்கிறவர் தெரிந்தேதான் மாற்றுகிறார் என்பது என் கட்சி.

மத்தியானம் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் (இனி ஹெ.மி., கை வலிக்கிறது) டீச்சர்கள் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேலிடத்து உத்தரவு. எட்டாம் வகுப்புப் பெண்களில் புத்திக்கூர்மை மிகுந்த ஒருத்தியைப் பள்ளிக்கூடமே பார்த்து வைக்க வேண்டும். 19ஆம் தேதி இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து வாய்க்கேள்வி கேட்டுச் சோதிப்பார். தேறினால் திருநெல்வேலியில் விடுதி, சாப்பாடு, பள்ளி இறுதி வரை படிப்பு, எல்லாம் இலவசம். ஒரே ஓர் இடம். நம் பிள்ளை தேறாவிட்டால் அந்த இடம் வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு.

புத்திக்கூர்மையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று உத்தரவில் இல்லை. ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள்.

தையல் டீச்சர்: நட்சத்திரம் பார்க்கலாம்.
தமிழ்ப் பண்டிதர்: உச்சரிப்பு.
ஹெ.மி.: "நெத்தியப் பாத்தாலே தெரியுமே! சிவகாமி நெத்தி எவ்வளவு அகலம் பாருங்க."

சிவகாமியின் அப்பா ராயகிரிப் பக்கம் பெரிய நிலக்காரர், பள்ளிக் கமிட்டியில் மெம்பர். நெற்றி அகலமாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மனக்கணக்கு கேட்டால் அந்தப் பெண் கண்மூடித் திறப்பதற்குள் விடை சொல்கிறாள். புதிதாகச் சேர்ந்தவள் இல்லை, ஐந்தாம் வகுப்பிலிருந்து இங்கேதான். போன வருஷம் வரை ஒன்றும் காணோம். ஜூலையிலிருந்துதான் இந்த மேதாவிலாசம். நான்தான் கணக்கு டீச்சர். என் வகுப்பில் ஒரு மேதை இருந்து எனக்குத் தெரியாமல் போகுமா?

போகாது. இதில் என்னவோ இருக்கிறது.

6-11, செவ்வாய்

காற்று. புழுதி. மாவு சலிக்க முடியவில்லை.

சிவகாமியின் (இனி சி.) எழுத்துக் கணக்குத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது. கூட்டலில்கூடத் தடுமாற்றம். வாயில் மட்டும் தேன் மாதிரி ஓடுகிறது. இது எந்த ஊர் நியாயம்?

ஹெ.மி.யிடம் சொன்னேன். "சில பிள்ளைகளுக்குப் பேனாவப் பிடிச்சா கை நடுங்கும் டீச்சர். மேதைக அப்படித்தான்."

சந்தேகம் 1: ஹெ.மி.யே கேள்விகளை முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்கிறார். கமிட்டி மெம்பரைக் குளிர்விக்க.

நாளைக்கு என் கேள்விகளை எங்கும் எழுதாமல் மனதிலேயே வைத்துக்கொண்டு கேட்கப் போகிறேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை. "ஆபீஸ்ல நான் சிவகாமி அப்பாகிட்டப் போயி ஒப்பிச்சிருவேனாக்கும்?" என்று கேட்டார். யார் கண்டது. தாலுகா ஆபீசில் குமாஸ்தாக்கள் வேலை பார்ப்பதைவிடப் பேசுவதுதான் அதிகம். இப்போது எலெக்ஷன் பேச்சு வேறு.

7-11, புதன்

கேட்டேன்.

17 தடவை 13. சி. எழுந்தாள், கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். "இருநூத்தி இருபத்தொண்ணு டீச்சர்." சரி.

48 தடவை 12. "ஐநூத்தி எழுபத்தாறு." சரி.

வண்டியில் 24 மூட்டை நெல், மூட்டைக்கு 15 மரக்கால், மொத்தம் எத்தனை மரக்கால்? "முப்பத்தாறு டீச்சர்."

முப்பத்தாறா! வகுப்பே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் உடனே அவள் முகம் ஒரு மாதிரி ஆகி, "இல்ல டீச்சர், முன்னூத்தி அறுவது" என்றாள்.

16 தடவை 25. "நாப்பது." கொஞ்சம் கழித்து, "நானூறு."

வீட்டுக்கு வந்தும் இதே யோசனை. ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். கணக்குத் தெரியாதவள் 24ஐ 15ஆல் பெருக்கினால் முன்னூறு என்பாள், இருநூற்றி ஐம்பது என்பாள், வாயில் வந்ததைச் சொல்வாள். முப்பத்தாறு என்று சொல்ல மாட்டாள். கணக்குத் தெரிந்தவளும் சொல்ல மாட்டாள். இருபத்துநான்கு மூட்டையில் முப்பத்தாறு மரக்கால்தான் என்று எந்தப் பைத்தியம் சொல்லும்? சைபர் மட்டும் எங்கேயோ கழன்று விழுகிறது. மற்றதெல்லாம் சரி.

ஜன்னலைப் பார்க்கிறாளே. சந்தேகம் 2: வெளியே யாரோ நின்று சைகை காட்டுகிறார்கள்.

8-11, வியாழன்

ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டேன். வியர்த்துக் கொட்டியது, பிள்ளைகள் முனகினார்கள். விடைகள் எல்லாம் சரி. ஓர் இடத்தில் ஆயிரத்துக்குப் பதில் நூறு.

கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். "இங்கன வந்து சொல்லு பாப்போம்." வந்தாள், நின்றாள், மரம் மாதிரி நின்றாள். "தல சுத்துது டீச்சர்." இடத்துக்குப் போனதும் சுற்றல் போய்விட்டது.

ஆக, இடத்தில் இருக்கிறது சூட்சுமம். டிபன் நேரத்தில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தையல் டீச்சர் வந்துவிட்டார். "என்ன தொலச்சிய?" "ஊக்கு." என் வயதுக்கு இது தேவையா?

பெஞ்சில் ஒன்றும் இல்லை. சுவர் ஓரம் சி., பக்கத்தில் பேச்சியம்மாள். இந்தப் பேச்சி ஒரு தரகர் மகள், வாய் திறக்காத பெண். கணக்கில் விடை மட்டும் எழுதுவாள், வழி எழுத மாட்டாள். "வழி எங்கட்டி?" என்று கேட்டால் தலையைக் குனிவாள். யாரையோ பார்த்து எழுதுகிறாள் என்று பாதி மார்க் குறைத்து வருகிறேன்.

11-11, ஞாயிறு

ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் வாங்கப் புளியங்குடி போனோம். பஸ்ஸில் நெரிசல். எலெக்ஷன் தட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஏறி, போகும் தூரம் முழுக்க அது என் கொண்டையில் இடித்துக்கொண்டே வந்தது.

மார்க்கெட்டில் குவியல் குவியலாகப் பழம். இவர் பேரம் பேசப் போனார். நான் நிழலில் நின்று வேடிக்கை பார்த்தேன். இரண்டு பேர் எதிரெதிரே, கை குலுக்குவது போலப் பிடித்துக்கொண்டு, கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள். வாயில் ஒரு வார்த்தை இல்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. துண்டு மட்டும் அசைகிறது. பிறகு ஒருவர் தலையை ஆட்ட, மூட்டை கைமாறிவிட்டது.

இவரிடம் கேட்டேன்.

"வெல பேசுதாவ. சுத்தி நிக்கவன் காதுல விழக்கூடாதுல்லா, அதான் துண்டு. ஒரு வெரலப் பிடிச்சா ஒண்ணு, ரெண்டப் பிடிச்சா ரெண்டு. அஞ்சுக்கு மேல மடக்கிப் பிடிக்கிறது, அமுக்கிப் பிடிக்கிறது, அது ஒரு கணக்கு. மாட்டுத்தாவணிச் சந்தையிலயும் இதே வழக்கந்தான்."

"அப்ப பத்து, நூறுக்கெல்லாம்?"

"அதே வெரல்தான். ஒண்ணா பத்தா நூறாங்கிறது சரக்கப் பாத்தாலே தெரியும்லா? மூட்டைக்கு எவனும் ஒத்த ரூவா கேக்க மாட்டான். சைபருக்கெல்லாம் வெரல் கெடையாது."

அங்கேயே நின்று, "முப்பத்தாறு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பழக்காரர் திரும்பிப் பார்த்து, "முப்பத்தாறுக்குக் கட்டாதும்மா" என்றார்.

பேச்சியின் தகப்பனார் எலுமிச்சைத் தரகர். சின்னப் பிள்ளையில் அவளையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டில் திரிவாராம், இவர் ஆபீசில் யாரோ சொன்னதாகச் சொல்கிறார். அப்படியானால் சரியாகப் போச்சு.

பழம் நல்ல பழம். தோல் மெலிசு.

12-11, திங்கள்

பிடித்துவிட்டேன்.

கேள்வியைக் கேட்டுவிட்டு சி.யின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். எழுந்து நிற்கிறாள். இடது கை தொங்குகிறது. தாவணி முந்தானை அதன்மேல் விழுந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேச்சி புத்தகத்தில் கண்ணை நட்டுக்கொண்டிருக்கிறாள், அவள் வலது கையைக் காணோம். முந்தானை அசைகிறது.

"ஐநூத்திப் பன்னெண்டு டீச்சர்." சரி.

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திருடனைப் பிடித்த சந்தோஷம். அதன்பிறகுதான் உறைத்தது. கேள்வி என் வாயிலிருந்து விழுந்து, விடை முந்தானைக்குள் போய்ச் சேருவதற்குள், 32ஐ 16ஆல் பெருக்கியது யார்? நான்கூடச் சாக்பீஸால் மேசைமேல் போட்டுப் பார்த்துத்தான் கேட்டேன்.

அந்த ஊமைச்சியா?

வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் வர ஒரு வாரம் இருக்கிறது.

13-11, செவ்வாய்

சாயங்காலம் தூறல். மண்வாசனை வந்ததோடு நின்றுவிட்டது.

பள்ளி விட்டதும் பேச்சியை மட்டும் நிறுத்தினேன். நேராகக் கேட்டேன். "முந்தானைக்குள்ள என்னட்டி வியாபாரம்?"

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அவளுக்குத் தையில கல்யாணம் வச்சிருக்காவ டீச்சர். தாய்மாமனுக்கு. அவுகளுக்கு முப்பது வயசுக்கு மேல. கவர்மெண்டுல எடுத்தாவன்னா கல்யாணத்த நிறுத்திட்டுப் படிக்க அனுப்புதேன்னு அவ அப்பா வாக்கு குடுத்திருக்காவ. அதுக்குத்தான்."

"இந்தக் கூத்து ஜூலையிலருந்து நடக்கே? உத்தரவு இப்பத்தானே வந்தது?"

"மொதல்ல வெளையாட்டுக்குச் செஞ்சோம் டீச்சர். நீங்க அவள பெஞ்சு மேல ஏத்தினிய. அவமானமாப் போச்சு, அழுதா. அதுக்கப்புறந்தான்."

"ஒனக்கு என்ன தாரா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எதுக்கு டீச்சர் தரணும்?"

இந்தப் பதிலை நான் நம்பவில்லை. ஒன்றும் வாங்காமல் ஒருத்தி இன்னொருத்திக்காக உழைப்பாளா? முறுக்கோ, ரிப்பனோ, ஏதோ கைமாறியிருக்கும். தரகர் மகள்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "நீ போலீசுல சேந்திருக்கணும்ட்டி" என்றார். அப்புறம், "அந்தப் பிள்ளைய விட்டுரு" என்றார். எந்தப் பிள்ளையை என்று கேட்பதற்குள் விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்துவிட்டார்.

14-11, புதன்

கல்யாணம் உண்மைதான். ஹெ.மி.யிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஆமா, வாக்கு குடுத்திருக்காரு. நம்ம பள்ளிக்கொடத்துப் பேரு அந்தப் பிள்ள கைல இருக்கு" என்றார்.

பேச்சியைத் தனியே வைத்து மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் "தெரியாது டீச்சர்." பொய். சிலேட்டைக் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். சிலேட்டைத் திருப்பித் தந்தாள், வெறும் சிலேட்டு.

கோபம் வந்தது. வாய் திறந்து ஒரு விடை சொன்னால் என்ன? முத்து உதிர்ந்துவிடுமா?

இராத்திரி சாப்பாடு: கத்தரிக்காய் புளிக்குழம்பு. அரிசியில் கல். ரேஷன் கடைக்காரன் கலக்கிறான்.

15-11, வியாழன்

யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

ஹெ.மி.யிடம் சொல்லிவிட்டால்? சி.யைத் தொட மாட்டார், கமிட்டி மெம்பர் மகள். பேச்சிக்கு டி.சி. கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். நிச்சயம்.

சும்மா இருந்தால்? சி. தேறுவாள், திருநெல்வேலி போவாள், அங்கே முந்தானைக்கு ஆள் இல்லாமல் ஒரே மாதத்தில் முழிப்பாள். கணக்குத் தெரிந்தவள் இங்கேயே எட்டாவதோடு நின்று எவன் வீட்டிலோ மாவாட்டுவாள். இதுவா நியாயம்? புத்திக்கு என்று ஓர் இடம் கொடுக்கிறார்கள். புத்தி உள்ளவளுக்குத்தானே அது போய்ச் சேர வேண்டும்?

மூன்றாவது வழி கிடைத்தது. சோதனை அன்று பிள்ளைகளைப் பெயர் அகரவரிசைப்படி உட்கார வைப்பது. சி. ஒரு பக்கம், பேச்சி மறு கோடி. யாரையும் காட்டிக்கொடுத்ததாகாது. ஹெ.மி.யிடம், "அகரவரிசைன்னா இன்ஸ்பெக்ட்ரஸுக்கு ஒரு ஒழுங்கா தெரியும் மேடம்" என்றேன். "அடடே, நல்ல யோசனை" என்று மகிழ்ந்துபோனார்.

இரண்டாவது பெயராகப் பேச்சியையும் எழுதச் சொன்னேன். "அதுவா? அது வாயே தொறக்காதே!" என்றார். எழுதிக்கொண்டார், எனக்காக.

18-11, ஞாயிறு

சங்கரநயினார் கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே பேச்சி வீட்டுக்கு இவரோடு போனேன். தகப்பனாருக்குக் கூச்சம், நாற்காலி இல்லையே என்று. பாயில் உட்கார்ந்தோம். பேச்சி கதவுக்குப் பின்னால். தாவணி ஓரம் தெரிந்தது.

நாளைக்கு உங்கள் மகள் தேறினாலும் தேறுவாள், தேறினால் அனுப்ப வேண்டும் என்றேன்.

"அங்கன போயிப் படிச்சா என்ன ஆவா டீச்சர்?"

"டீச்சர் ஆகலாம். என்னைய மாதிரி."

அவர் என்னைப் பார்த்தார். தப்பாகப் பார்க்கவில்லை. மார்க்கெட்டில் பழத்தைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. "டீச்சருக்குப் பிள்ள குட்டி இல்லல்லா?"

பன்னிரண்டு வருஷமாகக் கேட்ட கேள்விதான், இன்று இப்படிச் சுடும் என்று நினைக்கவில்லை. இவர்தான் பதில் சொன்னார். "இல்ல அண்ணாச்சி. அதுக்கும் படிப்புக்கும் என்ன?"

"இல்ல, சும்மா கேட்டேன். பாப்போம். அந்த அம்மா எடுக்கட்டும், அப்புறம் பேசுவோம்."

வெளியே வந்ததும் நான், பாதி சம்மதம் மாதிரிதானே என்றேன். இவர், "தரகர் 'பாப்போம்'னா அதுக்கு அர்த்தம் ஒனக்குத் தெரியாது" என்றார். இவருக்கு எல்லாவற்றிலும் அவநம்பிக்கை.

காப்பிப் பொடி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

19-11, திங்கள்

காலையில் நல்ல மழை. மைதானம் சேறு.

இன்ஸ்பெக்ட்ரஸ் பதினோரு மணி பஸ்ஸில் வந்தார். செருப்பெல்லாம் செம்மண். கண்ணாடி, குடை, மூட்டுவலி. பட்டணத்தில் அச்சடித்த கேள்வித்தாள் ஒன்று வைத்திருந்தார், புத்தி அளக்கிற தாளாம். முதல் கேள்வியே டிராம் வண்டியைப் பற்றி. என் வகுப்பில் டிராமைக் கண்ட கண் ஏது? பிள்ளைகள் பேந்தப் பேந்த விழித்தார்கள். அவரே சிரித்துவிட்டு, "சரி, கணக்குக்குப் போவோம்" என்றார். நல்ல மனுஷிதான் போல. எதற்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சி.யை எழுப்பினார். 45 தடவை 18.

சி. எழுந்தாள். இடது கை தானாகத் தொங்கியது. பக்கத்தில் வேறு பெண். சி. ஜன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியில் மறு கோடியில் இருந்த பேச்சியைப் பார்த்தாள். பிறகு என்னை. எப்படிப் பார்த்தாள் என்று எழுத வரவில்லை.

அடுத்து, 125 வரிசை, வரிசைக்கு 32 கன்று. ஒன்றும் இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஹெ.மி. பதறிப்போய், "உடம்பு சரியில்ல, உடம்பு சரியில்ல" என்று அங்குமிங்கும் ஓடினார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை, நின்றபடியே அழுதாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் தாளைப் பார்த்து, "பேச்சியம்மாள் யார்?" என்றார்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனதுக்குள் நூறு தடவை சொன்னேன்.

"மூணு, ஆறு, பதினொண்ணு, பதினெட்டு, இருபத்தேழு. அடுத்தது என்ன வரும்?"

பேச்சி எழுந்து நின்றாள். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டாள். அழுகிற சி.யை ஒரு தடவை பார்த்தாள்.

"தெரியாது மேடம்."

"பரவால்ல, யோசிச்சுச் சொல்லு."

"தெரியாது மேடம்."

இன்ஸ்பெக்ட்ரஸ் பொறுமையாக மூன்றாவது தடவையும் கேட்டார். நான் குறுக்கே புகுந்து, "இவளுக்குத் தெரியும் மேடம், சத்தியமா தெரியும்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் இரக்கமாகச் சிரித்தார். எல்லா டீச்சரும் இப்படித்தான் சொல்லுவார்கள் என்கிற சிரிப்பு.

இடம் வேறு ஊருக்குப் போகிறது. இரண்டரை மணி பஸ்ஸில் அவரை ஏற்றிவிடும்போது மறுபடி கெஞ்சிப் பார்த்தேன். நாளைக்கே இன்னொரு பள்ளிக்கூடத்தில் பார்த்து முடித்து அனுப்ப வேண்டுமாம். "பிள்ளை பேசினாத்தானம்மா நான் எழுத முடியும்?" என்றார். அதுவும் சரிதான்.

ஹெ.மி. என்னோடு பேசவில்லை. சி.யை மாட்டுவண்டி வந்து கூட்டிப்போனது.

வீட்டுக்கு வந்து அழுதேன். இவர் காப்பி போட்டுக் கொடுத்தார், பொடி அவரே வாங்கி வந்திருந்தார்.

20-11, செவ்வாய்

வெயில். சேறு காயவில்லை.

சி. வரவில்லை. வர மாட்டாள் என்று தையல் டீச்சர் சொன்னார். பரிசப் புடவை எடுக்கத் திருநெல்வேலி போகிறார்களாம்.

பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு பேச்சி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முறை. நான் தாள் திருத்துவது போல உட்கார்ந்திருந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"மொத கணக்குக்கு எண்ணூத்திப் பத்து டீச்சர். கன்னுக்கு நாலாயிரம். எங்கிட்ட கேட்டதுக்கு முப்பத்தெட்டு."

மூன்றும் சரி.

"ஏட்டி, அப்ப நேத்து ஏன் வாய மூடிட்டு நின்ன?" கத்திவிட்டேன். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒன் தலையெழுத்தே மாறியிருக்குமே!"

"அவ அங்கன நின்னு அழுதா டீச்சர். அவ முன்னாடி நான் எப்படிச் சொல்ல?"

"அவளுக்குத்தான் இல்லன்னு ஆயிப்போச்சே. ஒனக்காவது கெடச்சிருக்கும்லா?"

துடைப்பதை நிறுத்தினாள். திரும்பினாள். கை, முகமெல்லாம் சாக்பீஸ் தூசி. மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீங்க எங்கிட்ட கேக்கவே இல்லயே டீச்சர். முந்தானைக்குள்ள என்னன்னு கேட்டிய. அவ என்ன தாரான்னு கேட்டிய. தனியா வச்சு மூணு கணக்கு கேட்டிய, அதும் நெசமா பொய்யான்னு பாக்கத்தான். எங்க ஐயாகிட்டப் போயி அனுப்புதியளான்னு கேட்டிய. ஒனக்குப் போகணுமான்னு என்னைய ஒருத்தரும் கேக்கல."

தாள்களை அடுக்கினேன். அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன். இந்த இரண்டு வாரத்தில் எத்தனை கேள்வி கேட்டிருப்பேன். இந்த ஒன்று தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது, வேறு என்ன எழுத.

"சரிட்டி. இப்பக் கேக்கேன். ஒனக்குப் போகணுமா?"

"போகணும் டீச்சர்."